பிந்தி வரும் குரல்

முதலில் அவள் மென்பொருளைத்தான் சந்தேகப்பட்டாள். தொழில் புத்தி. இணைப்பை ஒட்டிப் பச்சைப் பொத்தானை அழுத்தியதும் சின்னச் சக்கரம் ஒன்று கொஞ்ச நேரம் சுற்றியது, பிறகு ‘இந்த வீடியோ கிடைக்கவில்லை’ என்று கையை விரித்துவிட்டது. முகப்புப் பக்கத்தில் என்னவோ ‘எந்த வீடியோவையும் ஒரே தட்டலில் சேமிக்கலாம்’ என்று வாய் கிழியப் பேசியிருந்தார்கள். வீராப்புக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை என்று நினைத்துக்கொண்டே, மதிப்பெண் அட்டவணையில் நம்பகத்தன்மைக்கு நேராக இரண்டைக் குறைத்தாள். மேஜையில் காலைத் தேநீர் இன்னும் ஆறவில்லை. ஜன்னலுக்குக் கீழே மருந்துக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டது.

பக்கத்துக் கணினியில் இன்னொரு மென்பொருள் இருந்தது. போன மாதம் அவளே பத்துக்கு ஒன்பது போட்டது. எந்த வம்புக்கும் போகாமல் கொடுத்த வேலையைச் செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் நல்ல பிள்ளை. அதில் போட்டுப் பார்த்தாள். அதுவும் அதே பதிலைச் சொன்னது. கடைசியில்தான், யாராக இருந்தாலும் முதலில் செய்வதைச் செய்தாள். உலாவியைத் திறந்து நேராக அந்தப் பக்கத்துக்கே போனாள். வீடியோ இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டம் ஒன்று இருந்தது. அதன் நடுவில் ஒரு வரி: ‘பதிவேற்றியவர் இந்த வீடியோவை நீக்கிவிட்டார்.’

பதிவேற்றியவர். அக்காவுக்கு இப்படி ஒரு பெயர் இருப்பதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். குறைத்த இரண்டு மதிப்பெண்ணையும் திரும்பப் போட்டாள். பாவம், மென்பொருள் மேல் தப்பில்லை. அதற்கப்புறம் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவள் வேலை பார்த்த அலுவலகம் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஜனங்கள் வாங்கி ஏமாறுவதற்கு முன் எது தேறும், எது தேறாது என்று சோதித்து இணையத்தில் எழுதுவது அங்கே வேலை. யார் எதைச் சோதிக்கிறார்களோ அதுவே அவர்கள் பெயராகிவிட்டது. ஹெட்போன்களைச் சோதிப்பவன் காது. பவர் பேங்க் பார்க்கும் அம்மாளுக்கு பேட்டரி என்று பெயர். மதியத்துக்கு மேல் அவர் தலை தொங்கிவிடும் என்பதால் அது இன்னும் பொருத்தமாக அமைந்தது. இவள் டவுன்லோடு. “டவுன்லோடு இன்னும் முடியலையா?” என்று உள்ளறையிலிருந்து ஆசிரியர் குரல் கொடுத்தால் கட்டுரை வரவில்லை என்று அர்த்தம்.

இணையத்தில் ஓடும் வீடியோவை இறக்கி வைத்துக்கொண்டு, சிக்னல் இல்லாத இடத்தில் பார்ப்பதற்கென்று எத்தனையோ மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றைத் தரம் பிரிப்பது அவள் பொறுப்பு. கேட்பதற்கு விளையாட்டாக இருக்கும். பின்னூட்டம் எழுதும் வாசகர்களைப் பார்த்தால் விளையாட்டாகத் தோன்றாது. ஒருவர் கப்பலில் எஞ்சின் அறையில் இருக்கிறார். கரை மறைந்தால் மாதக்கணக்கில் இணையம் கிடையாது, மகள் பள்ளிக்கூட மேடையில் பாடியதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். இன்னொரு பெண் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சிக்னல் நுழையாத அறையில் எக்ஸ்ரே எடுப்பவள். இவர்களை எல்லாம் நடுக்கடலில் விட முடியுமா? அதனால் அவள் ஈவு இரக்கம் பார்க்காமல் மதிப்பெண் போட்டாள். இலவசம் என்று கூப்பிட்டுப் பாதி வீடியோவோடு நிறுத்திக்கொள்கிறவை, தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறவை, போகிற போக்கில் வேண்டாத விளம்பரத்தைக் கணினிக்குள் தள்ளிவிட்டுப் போகிறவை என்று எல்லாரையும் அவளுக்குத் தெரியும். ‘சேமித்தாயிற்று’ என்று சொல்லிவிட்டு ஒரு மாதம் கழித்துத் திறக்க விடாதவை மேல்தான் அவளுக்குக் கோபம் அதிகம். சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் பூட்டை மாற்றுகிறவனை என்ன செய்வது?

சோதனைக்கு எப்போதும் ஒரே வீடியோதான். எடைக்கல்லை மாற்றினால் எடையும் மாறிவிடும். அடுத்தவர் வீடியோவை அனுமதி இல்லாமல் இறக்கக் கூடாது என்பது ஆசிரியர் போட்ட சட்டம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள், “எங்க வீட்டு வீடியோ ஒண்ணு இருக்கு சார். எங்க அக்கா போட்டது, நானும் அதுல இருக்கேன்” என்று காட்டினாள்.

“முடி வெட்டுற வீடியோவா?” என்று அவர் மூக்கைச் சுளித்தார்.

“முடிதான் சார் இருக்கறதுலயே கஷ்டம்” என்றாள் அவள்.

அது உண்மை. தரம் குறைந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது முடிதான். நல்ல மென்பொருளில் இழை இழையாகத் தெரியும். மோசமானதில் தலையில் தார் ஊற்றியது போல அப்பிக்கொள்ளும். ஒலிக்குக் கத்தரிக்கோல். அதன் வாய் மூடும் அதே கணத்தில் ‘சக்’ என்று கேட்க வேண்டும். படத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில் ஒரு துளி இடைவெளி விழுந்தாலும் கத்தரிக்கோலை ஏமாற்ற முடியாது. ஆசிரியர் தலையை ஆட்டினார். அன்றிலிருந்து அந்த வீடியோ அலுவலகத்தின் எடைக்கல் ஆயிற்று.

அக்கா சொந்தமாகச் சலூன் வைத்த புதிதில் எடுத்தது அது. நாலு பேருக்குத் தெரிய வேண்டுமே என்று மாமாதான், அதாவது அக்கா வீட்டுக்காரர், சானல் தொடங்கி, போனை ஷாம்பு புட்டிகளுக்கு நடுவில் சாய்த்து வைத்துப் படம் பிடித்தார். அதனால் கடை முழுக்க ஒரு பக்கம் சரிந்து தெரியும். நாற்காலியில் கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் இவள். அக்கா சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டே கேமராவோடு பேசுவாள். “இவளுக்கு மொத மொதல்ல முடி வெட்டுனதே நான்தான். அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது, ஸ்கேல் வெச்சு வெட்டுனேன். ஸ்கேல் நேராத்தான் இருந்துச்சு. இவ தலைதான் கோணல்.” இவள் குபீரென்று சிரிப்பாள். சிரித்ததில் தலை ஆடும். உடனே அக்கா இரண்டு உள்ளங்கையாலும் அந்தத் தலையைப் பிடித்து, அடுப்பில் பாத்திரத்தைச் சரியாக உட்கார வைப்பது போல நேராக்கி, “ஆடாத” என்பாள். கடைசியில் துணியை உதறி, பின்கழுத்தில் ஒட்டியிருக்கும் பொடி முடியை வாயால் ஊதுவாள். நிமிர்ந்து ஏதோ சொல்லிவிட்டுக் கேமராவை நிறுத்தக் கை நீட்டுவாள், அத்தோடு முடியும்.

ஒவ்வொரு சோதனைக்கு முன்னும், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று, இணையத்தில் அதை ஒருமுறை முழுக்க ஓட விடுவாள். அப்புறம் மென்பொருள் இறக்கியதை ஓட விடுவாள். சந்தேகம் வந்தால் மறுபடி. சந்தேகம் அடிக்கடி வந்தது. உண்மையைச் சொன்னால் அவளுக்கு அக்கா வேண்டும். அதைக் கேட்க வாய் வரவில்லை, கைக்கு ஒரு வேலை கிடைத்தது. சம்பளத்தோடு அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை முறை சேமித்தாளே, ஒரு பிரதி இருக்க வேண்டாமா? அங்கேதான் அவள் கெட்டிக்காரத்தனம் அவளைக் கவிழ்த்தது. அடுத்த மென்பொருள் வருவதற்குள் முந்தியதன் சுவடே இருக்கக் கூடாது என்பது அவள் வேலைமுறை. மதிப்பெண் போட்டதும் கோப்பை அழிப்பாள், குப்பைத்தொட்டியையும் காலி செய்வாள், கணினியைத் துடைத்துப் பிறந்த குழந்தை மாதிரி ஆக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். புதிதாக வருகிறவர்களிடம் ஆசிரியர் அவள் மேஜையைக் காட்டி, “சுத்தம்னா இப்படி இருக்கணும்” என்பார். இன்றைக்கு அந்தச் சுத்தத்துக்குள் அவள் தேடாத மூலை இல்லை. ஊருக்கெல்லாம் ‘பிடித்ததை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், இணையத்தை நம்பாதீர்கள்’ என்று எழுதியவளுக்கு, அந்த வீடியோ என்றாவது இல்லாமல் போகும் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.

ஆனால் அவளை உறுத்தியது அதுவும் இல்லை. அக்காவின் சானலுக்குப் போய்ப் பார்த்தாள். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. சுருட்டை முடியைப் படிய வைப்பது இருந்தது. குழந்தைக்கு அழ விடாமல் முடி வெட்டுவது இருந்தது. பக்கத்துக் கடைக்காரர் மீசையைத் திருத்துவதுகூட இருந்தது. அவள் இருந்த ஒன்றை மட்டும் தேடிப் பிடித்து எடுத்திருந்தாள் அக்கா. பேசாமல் இருப்பது ஒன்று, துடைத்துப் போடுவது வேறு. இனி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று சொல்லிவிட்டாளா? அதைத் தெரிந்துகொள்ளாமல் அவளால் அன்றைக்குத் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது.

பேச்சு நின்ற காரணத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அம்மா போன பிறகு வீடு என்றால் அக்கா வீடுதான். தலை என்றால் அக்கா கைதான். சலூனில் இரண்டு நாற்காலி போட்டபோதே அக்கா மனதில் ஒன்று தங்கைக்கு. இவள் இந்த வேலை கிடைத்து வேறு ஊருக்குக் கிளம்பினாள். அதைக்கூட அக்கா பொறுத்துக்கொண்டாள். பெட்டியில் துணியை அடுக்கித் தந்ததே அவள்தான். சில மாதம் கழித்து விடுமுறைக்கு வந்தபோது, இவள் அங்கே ஏதோ பெரிய கடையில் தோள்வரை முடி வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். கடை நிறைய ஆள். அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வந்து, முடியை விரலால் கோதி அளந்து பார்த்து, “யாரு வெட்டுனது? எடது பக்கம் எறங்கியிருக்கு” என்றாள். பயணக் களைப்போ என்னவோ, இவளுக்குச் சுருக்கென்றது. “எல்லாத்தையும் நீயே வெட்டணுமா? என் தலையும் உன் கடையா?” என்று கேட்டுவிட்டாள். அக்கா பதில் சொல்லவில்லை. காத்திருந்தவரிடம் திரும்பிப் போய் வேலையைத் தொடர்ந்தாள். சாயங்காலம் சமைத்துப் போட்டாள், படுக்கை விரித்தாள், வாயைத் திறக்கவில்லை. இவளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுநாளே பஸ் ஏறினாள். ஆயிற்று, மூன்று வருஷம். இடது பக்கம் இறங்கித்தான் இருந்தது. அறைக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் யாரிடமும் தலையைக் கொடுக்கவில்லை. முடி இடுப்பைத் தொட்டு, நுனியெல்லாம் வெடித்துக் கிடந்தது. மின்விசிறியில் மாட்டிக்கொள்ளப் போகிறது என்று பேட்டரி அம்மாள் வாரத்துக்கு ஒரு தரம் சொல்வார்.

“என்ன டவுன்லோடு, பேயறைஞ்ச மாதிரி ஒக்காந்திருக்க?” என்று காதுதான் முதலில் கேட்டான்.

“டெஸ்ட் வீடியோ போயிருச்சு.”

“போனா போகுது. வேற ஒண்ணு வெச்சுக்கோயேன்.”

அவள் அந்தச் சாம்பல் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஹெட்போனைக் கழுத்திலிருந்து கழற்றி மேஜையில் வைத்தான். அவன் அதைக் கழற்றுவது விசேஷம். “ஒரு நிமிஷம் இரு. அந்த வாத்து ஞாபகம் இருக்கா?”

வாத்தை மறக்க முடியுமா? மஞ்சள் வாத்துப் படம் போட்ட மென்பொருள். படத்தைச் சுத்தமாக இறக்கும், ஆனால் சத்தத்தைப் பின்னால் நடத்திக் கூட்டி வரும். எவ்வளவு பிந்துகிறது என்று அளந்து சொல்லச் சொல்லி அந்தக் கோப்பை அவள் காதுக்கு அனுப்பியிருந்தாள். பத்துக்கு இரண்டு மதிப்பெண் போட்டு, ‘இதற்குப் பதில் நிஜ வாத்து ஒன்று வாங்கினால் முட்டையாவது போடும்’ என்று எழுதினாள். ஆசிரியர் அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டார்.

“நான் எதையும் அழிக்கறது கெடையாது. அதனாலதான் என் சிஸ்டம் ஆமை மாதிரி நகருது” என்று சொல்லிக்கொண்டே அவன் தேடினான். தேடத் தேட அவன் கணினியிலிருந்து என்னென்னவோ வந்தது. போன வருஷத்து மழைச் சத்தம் வந்தது, யாரோ தும்மியது வந்தது, பழைய ஆசிரியர் விடைபெற்றுப் பேசியது வந்தது. கடைசியில் அது வந்தது. “இந்தா. சத்தந்தான் நொண்டிக்கிட்டு வரும். மத்தபடி முழுசா இருக்கு.”

அவள் அதை வாங்கிக்கொண்டாள். அங்கே திறந்து பார்க்கவில்லை. திறந்தால் அழுதுவிடுவாள் என்று தெரியும். அதுவும் இல்லாமல், இருப்பதா இல்லையா என்பது இப்போது கேள்வி இல்லை. ஏன் எடுத்தாள் என்பதுதான். சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் போய் உட்கார்ந்து மாமாவைக் கூப்பிட்டாள். மாமா நல்ல மனிதர். இந்த மூன்று வருஷமும் இரண்டு பேருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ‘குளிர் ஆரம்பிச்சுருச்சாம், போர்வை இருக்கான்னு கேக்கறா’ என்பார். கேட்டதாக அக்கா ஒப்புக்கொள்ள மாட்டாள்.

“மாமா, அக்கா ஏன் அந்த வீடியோவ எடுத்துட்டா?”

“எந்த வீடியோ?” அவர் கேட்ட விதத்திலேயே தெரிந்து கேட்கிறார் என்று தெரிந்தது. பின்னால் ஹேர் டிரையர் ஓடிக்கொண்டிருந்தது.

“நான் இருக்கறது மாமா. மத்ததெல்லாம் இருக்கு, அத மட்டும் காணோம். அவ்ளோ கோவம்னா நேர்ல நாலு அடி அடிச்சுட்டுப் போகட்டும். இப்பிடிப் பண்ணணுமா?”

“கோவமா? அட, நீ ஒருத்தி.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னா. நீ பயந்துக்குவியாம். எவனோ ஒரு பொறுக்கி அந்த வீடியோவையே பாத்துக்கிட்டுக் கெடக்கான்மா. தெனமும். ஒரு நாளைக்கு எத்தனையோ வாட்டி. மத்த வீடியோவ எல்லாம் சீந்த ஆள் இல்ல, இது மட்டும் ஏறிக்கிட்டே போகுது. அதுவும் நீ இருக்கற ஊர்லேர்ந்துதான் பாக்கறான்னு காட்டுது. நல்லவனா இருந்தா ஒரு லைக் போடுவான், இல்ல ஒரு வார்த்த எழுதுவான். ஒண்ணும் கெடையாது. சும்மா பாக்கறான். என் தங்கச்சிய எவனோ நோட்டம் விடறான்னு உங்க அக்காவுக்குச் சோறே எறங்கல. அடியோட அழிச்சுட்டுத்தான் மூச்சு விட்டா.”

அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். கீழே மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நான்கூடச் சொன்னேன்,” மாமா தொடர்ந்தார், “உன் தங்கச்சியாத்தான் இருக்கும்னு. ‘அவளாவது, என் வீடியோவ பாக்கறதாவது’ன்னுட்டா.”

லைக் போடாததற்குக் காரணம் இருந்தது. போட்டால் பெயர் தெரிந்துவிடும். இத்தனை நாளும் அந்தப் பொத்தானுக்கு மேல் விரலைக் கொண்டுபோய்க் கொண்டுபோய்த் திருப்பியிருக்கிறாள். அந்த வறட்டு கௌரவத்துக்கு நடுவில் அங்கே ஒருத்தி சாப்பிடாமல் இருந்திருக்கிறாள் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. சந்தோஷமும் வந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

“அசல் அக்கா போன்ல இருக்கா மாமா?”

“அந்தப் போன் உடைஞ்சு எத்தன நாளாச்சு! அதான் நெட்ல பத்திரமா இருக்கேன்னு இருந்துட்டோம்.”

டிரையர் நின்றது. “யாரு போன்ல?” என்று ஒரு குரல் கேட்டது. வாத்து கூட்டி வந்த குரல் இல்லை, நேரே வந்த குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது. வீடியோவில் இந்தக் கரகரப்பு கிடையாது. மாமா ஏதோ முணுமுணுத்தார். பிறகு அந்தக் குரல் மாமாவிடம், மாமாவிடம் மட்டும் சொல்வது போல, “ஆபீஸ் விட்டுத் தனியா நடந்து போக வேணாம்னு சொல்லுங்க. எவனாவது பின்னாடி வந்தா பக்கத்துல இருக்கற கடைக்குள்ள பூந்துக்கச் சொல்லுங்க” என்றது.

“ஆபீஸ் விட்டுத் தனியா...” என்று மாமா மொழிபெயர்க்க ஆரம்பித்தார்.

“மாமா, அந்தப் பொறுக்கி நான்தான்.”

“என்னது?”

“நான்தான் மாமா பாத்தேன். என் வேலையே அதுதான். வீடியோ எறக்கற சாஃப்ட்வேர் நல்லா இருக்கா இல்லையான்னு பாக்கறது. அத வெச்சுத்தான் டெஸ்ட் பண்ணுவேன். முடி தெளிவாத் தெரியுதா, கத்தரிச் சத்தம் சரியா விழுதான்னு...” அவளுக்கே அது சப்பைக்கட்டாகக் கேட்டது. நிறுத்தினாள். “டெஸ்ட் இல்லாதப்பவும் பாப்பேன்.”

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக மாமா மொழிபெயர்க்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்து அப்படியே நீட்டியிருக்க வேண்டும். கடையின் சத்தமெல்லாம் திடீரென்று பக்கத்தில் வந்தது. குழாய் சொட்டியது, நாற்காலி கிறீச்சிட்டது, யாரோ மூச்சு விட்டார்கள்.

“எத்தன வாட்டிடி பாப்ப?” என்று கேட்டாள் அக்கா.

அவள் மனதுக்குள் எண்ணிப் பார்க்க ஆரம்பித்தாள். எண்ணி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் மறுபடி டிரையர் ஓட ஆரம்பித்திருந்தது, அழைப்பும் அறுந்து போயிற்று. யார் துண்டித்தது என்று தெரியவில்லை. யாராவது ஈரத் தலையோடு காத்துக்கொண்டிருந்திருப்பார்கள். அவள் அந்த ‘டி’யை மட்டும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். மதியம் முழுக்க அதை வைத்துக்கொண்டு ஒரு வேலையும் ஓடவில்லை.

அன்றைக்கு ஐந்து மணி அடித்ததும் கிளம்பிவிட்டாள். கணினியைத் துடைக்கவில்லை. அறைக்கு வந்து, செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல், தன்னுடைய லேப்டாப்பைக் கட்டில் மேல் வைத்தாள். மேற்கு ஜன்னலில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. வாத்து இறக்கிய கோப்பை முதலில் போனுக்கு மாற்றி, அக்காவின் எண்ணைத் தேடினாள். மூன்று வருஷமாக அதற்கு ஒன்றும் அனுப்பியதில்லை, அழித்ததும் இல்லை. அனுப்பிவிட்டு, கீழே என்ன எழுதுவது என்று யோசித்தாள். எழுதத் தெரிந்ததெல்லாம் விமர்சனம்தான். ‘இது மட்டும்தான் இருக்கு. படம் நல்லா இருக்கும். சத்தம் லேட்டா வரும்’ என்று எழுதினாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு லேப்டாப்பில் ஓட விட்டாள்.

சரிந்த கடை வந்தது. அக்கா வந்தாள். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. கத்தரிக்கோல் வாயை மூடி, முடி துணியில் விழுந்து, வழுக்கி மடிக்கு வந்து சேர்ந்த பிறகு ‘சக்’ என்றது. நாற்காலியில் இருந்தவள் குபீரென்று சிரித்தாள். எதற்கென்று தெரியாமல் சிரித்தாள். அக்கா இரண்டு கையாலும் அவள் தலையைப் பிடித்து நேராக்கிய பிறகுதான், “ஸ்கேல் நேராத்தான் இருந்துச்சு” என்று குரல் வந்தது. அப்புறம் சிரிப்புச் சத்தம். அதற்கும் அப்புறம், தலையை விட்டுக் கை எப்போதோ போன பின்னால், “ஆடாத.” இதற்குத்தான் பத்துக்கு இரண்டு போட்டாள். இன்றைக்கு ஒவ்வொன்றும் இரண்டு தடவை நடக்கிற மாதிரி இருந்தது. கண்ணுக்கு ஒரு தடவை அக்கா, காதுக்கு ஒரு தடவை. எதையும் குறைத்துக் கொடுக்கவில்லை வாத்து. போன் கவிழ்ந்தபடியே ஒரு தடவை அதிர்ந்தது. அவள் திருப்பிப் பார்க்கவில்லை. முடியட்டும்.

வாத்து இறக்கியதை அவள் அதற்கு முன் கடைசிவரை பார்த்ததே இல்லை. பிந்துகிறது என்று தெரிந்துகொள்ள ஆரம்பத்துக் கொஞ்சம் போதும். மதிப்பெண் போட்டுவிட்டு அழித்துவிட்டாள். அதனால் இதன் முடிவு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. படத்தில் அக்கா குனிந்து பின்கழுத்தில் ஊதினாள், நிமிர்ந்து ஏதோ சொன்னாள், கேமராவை நிறுத்தக் கை நீட்டினாள், படம் முடிந்தது. திரை இருண்டது. ஆனால் சத்தம் இன்னும் வந்து சேரவில்லை. அது பாட்டுக்கு அதன் நடையில் வந்துகொண்டிருந்தது.

இருட்டில் துணியை உதறும் சத்தம் கேட்டது. பிறகு ஊதும் சத்தம். அவள் தன்னை அறியாமல் கழுத்தைக் குறுக்கிக்கொண்டாள். கறுத்த திரையில், ஜன்னல் வெளிச்சத்தில், ஒரு முகம் தெரிந்தது. அதன் இரண்டு பக்கமும் இடுப்புவரை இறங்கிய முடி.

“ம், முடிஞ்சுது. கண்ணாடியப் பாரு” என்றாள் அக்கா. “நல்லா இருக்கா?”

அவள் முடியை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் சேர்த்துப் பிடித்து, நுனி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.